மெலிந்த குரல்: வீட்டு ஒலிப்பதிவிற் குறை காணும் முறை

ஒலிப்பதிவு என்பது ஒரு காலத்திலே வானொலி நிலையங்களுக்கும் இசைத்தட்டுக் கம்பனிகளுக்கும் மட்டுமே உரிய தொழிலாக இருந்தது. கனத்த கதவுகளையுடைய கலையகம், கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்து குமிழ்களைத் திருப்பும் பொறியியலாளர், சுழலும் நாடாச் சுருள்கள் என்னும் இவையின்றி ஒருவர் குரலைப் பதிந்து வைத்தல் இயலாதென்றே பலரும் எண்ணியிருந்தனர். இன்றோ நிலைமை முற்றும் மாறிவிட்டது. ஒரு கணினி, ஓர் ஒலிவாங்கி, இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு சிறு நூலளவான பெட்டி ஆகிய மூன்றும் கிடைத்துவிட்டால், வீட்டின் மூலையொன்றே ஒலிப்பதிவு நிலையமாகிவிடுகிறது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஆசிரியர் பலர் தம் பாடங்களை வீட்டிலிருந்தே பதிந்து மாணவருக்கு அனுப்பினர். அன்று தொடங்கிய பழக்கம் இன்று பாடலுக்கும், பேச்சுக்கும், கதை சொல்லலுக்கும் பரவியிருக்கிறது.

இவ்வாறு பதிவோர் யாவரும் இசைக் கலைஞர் அல்லர். தாயின் தாலாட்டைப் பேரப்பிள்ளைக்கெனச் சேமிக்க விரும்பும் மகள் இருக்கிறாள். முதிர்ந்த அண்ணாவியாரின் கூத்துப் பாட்டை அவர் கண்டத்திலே வலிமை உள்ளபோதே பதிந்துகொள்ள விரும்பும் மாணவன் இருக்கிறான். இவர்கள் பெட்டியை வாங்கி, வடங்களைப் பூட்டி, பதிவை முடித்துக் கேட்கும்போது, குரல் கிணற்றடியிலிருந்து வருவதுபோல மெலிந்து ஒலிக்கிறது. "பெட்டி பழுது" என்று ஒருவர் சொல்கிறார். "இதைவிட விலை கூடியதை வாங்க வேண்டும்" என்று மற்றொருவர் சொல்கிறார். பணமும் செலவாகிறது, குறையும் தீர்வதில்லை. தாலாட்டையும் கூத்துப் பாட்டையும் தந்த குரல்கள் மறுமுறை கிட்டுமென்பதற்கோ உறுதியில்லை. ஆகையால், பெட்டியைக் குற்றஞ் சாட்டுவதற்கு முன்னர், ஒலி எவ்விடத்திலே மெலிகிறது என்பதை முறையாகத் தேடிக் காணும் வழியை இன்று ஆராய்வோம்.

முதலில், அந்தப் பெட்டி செய்யும் வேலை யாது? ஆங்கிலத்திலே 'ஓடியோ இன்டர்பேஸ்' என வழங்கும் அதனை ஒலி இடைமுகம் என நாம் அழைக்கலாம். அதற்குக் கடமைகள் நான்கு. ஒலிவாங்கி தரும் மிகச் சிறிய மின்னழுத்தத்தைப் பெருக்குதல் முதலாவது. பெருக்கிய மின்னலையைக் கணினி ஏற்கத்தக்க எண்களாக மாற்றுதல் இரண்டாவது. கணினி திருப்பியனுப்பும் எண்களை மீண்டும் மின்னலையாக்குதல் மூன்றாவது. அவ்வலையைக் கொண்டு ஹெட்போனையோ ஒலிபெருக்கியையோ இயக்குதல் நான்காவது. முன்னிரண்டும் பதிவின் வழி. பின்னிரண்டும் கேட்டலின் வழி. போகும் பாதையும் வரும் பாதையும் வெவ்வேறென்பதை மனத்திற் கொண்டால், குறை தேடுவதிற் பாதி வேலை முடிந்துவிடும்.

பயிருக்கு நீர் வந்து சேரவில்லையென்றால், கமக்காரன் உடனே புதுக் கிணறு வெட்டத் தொடங்குவதில்லை. வாய்க்கால் வழியே நடந்து, எவ்விடம் வரை நீர் நிறைந்தோடுகிறது, எவ்விடத்திலே குறைகிறது என்று பார்க்கிறான். நாமும் அவ்வாறே செய்தல் வேண்டும்.

முதற் சோதனை மிக எளியது. நீங்கள் நன்கு அறிந்த, வெளியீடாக வந்த ஒரு பாட்டைக் கணினியிலே இயக்கி, அதே பெட்டியின் வழியாக, அதே ஹெட்போனிலே கேளுங்கள். பாட்டு உரத்துத் தெளிவாகக் கேட்குமாயின், கேட்டலின் வழியிலே குறையில்லை. பதிவின் வழியையே ஆராய்தல் வேண்டும். பாட்டும் மெலிந்தே கேட்குமாயின், பதிவு செய்யும் பகுதியை வீணே குலைக்க வேண்டாம். கேட்டலின் வழியிலேதான் தடை இருக்கிறது. இதற்குத் துணையாக, ஒலிப்பதிவு மென்பொருளின் அளவுகாட்டியையும் நோக்குங்கள். காது சூழலுக்கேற்ப ஏமாறும், அளவுகாட்டி ஏமாறுவதில்லை.

பதிவின் வழியிலே குறை உண்டெனக் கண்டால், ஒலிவாங்கியிலிருந்து தொடங்குதல் முறை. ஒலிவாங்கிகள் பெரும்பாலும் இருவகைப்படும். ஒன்று, காந்தப் புலத்தினிடையே மெல்லிய கம்பிச் சுருளொன்று அசைவதனால் மின்னைப் பிறப்பிக்கும் இயங்குசுருள் ஒலிவாங்கி. கடைகளிலே இதனை 'டைனமிக்' என்பர். மற்றையது, மின்னேற்றிய மென்தகடொன்று அதிர்வதனாற் செயற்படும் கொள்ளளவி ஒலிவாங்கி. இதனைக் 'கொண்டென்சர்' என்பர். இவையிரண்டும் ஒரே குரலுக்குத் தரும் மின்னழுத்தத்திலே பெரும் வேறுபாடு உண்டு.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். வீட்டிலிருந்து பேசிப் பதிவோர் பலரும் விரும்பி வாங்குவது ஷுவர் நிறுவனத்தின் எஸ்.எம்.7பி என்னும் இயங்குசுருள் ஒலிவாங்கி. குறித்த ஓர் அளவான, நன்கு உரத்த ஒலிக்கு அது தருவது 1.12 மில்லிவோல்ற்று மட்டுமே. அதே ஒலிக்கு ரோட் நிறுவனத்தின் என்.டி.1-ஏ என்னும் கொள்ளளவி ஒலிவாங்கி ஏறக்குறைய 25 மில்லிவோல்ற்றைத் தருகிறது. அஃதாவது இருபத்திரண்டு மடங்கு. தெசிபெல் என்னும் அளவிலே சொன்னால் 27 தெசிபெல் வேறுபாடு. இங்கே தெசிபெல்லைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். அது மடங்குகளைக் கூட்டற் கணக்காக்கும் ஓர் உபாயம். மின்னழுத்தம் இரு மடங்கானால் 6 தெசிபெல். பத்து மடங்கானால் 20 தெசிபெல். ஆயிரம் மடங்கானால் 60 தெசிபெல். இந்த மூன்றையும் நினைவில் வைத்தாற் போதும்.

ஒரு கை அகலத் தொலைவிலே இயல்பாகப் பேசும் ஒருவரின் குரலுக்கு, மேற்சொன்ன இயங்குசுருள் ஒலிவாங்கி தருவது ஒரு வோல்ற்றின் ஐயாயிரத்தில் ஒரு பங்களவே. தொழின்முறைக் கருவிகள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் மின்னழுத்தமோ 1.23 வோல்ற்று. ஆகவே அக்குரலை ஐயாயிரம் மடங்குக்கு மேற் பெருக்கினாலன்றி அது அந்நிலையை எட்டாது. இக்காரணத்தினாலேயே அந்த ஒலிவாங்கிக்கு ஆகக் குறைந்தது 60 தெசிபெல் பெருக்கம் வேண்டுமென அதனைச் செய்தோரே அறிவுறுத்துகின்றனர். 2019இல் வந்த ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 என்னும் பெட்டியின் மூன்றாம் தலைமுறை, ஒலிவாங்கிக்குத் தரும் பெருக்க வீச்சு 56 தெசிபெல். 2023இல் வந்த நான்காம் தலைமுறையிலே அது 69 தெசிபெல்லாக உயர்ந்தது. ஆகவே, பழைய பெட்டியிலே எஸ்.எம்.7பியைப் பூட்டியவர் குமிழைக் கடைசிவரை திருப்பியும் குரல் மெலிந்ததெனக் கூறினால், அங்கே பெட்டியும் பழுதன்று, ஒலிவாங்கியும் பழுதன்று. இரண்டும் நல்லவை, இணைதான் பொருந்தவில்லை. ஒன்று கூறி வைக்கிறேன்: பெட்டியின் மேலுறையிலுள்ள பெருக்க எண்ணை மட்டும் கொண்டு இரு பெட்டிகளை ஒப்பிடுதல் ஆகாது. எவ்வளவு மின்னழுத்தத்தைப் பெட்டி 'நிறைவு' எனக் கொள்கிறது என்பதும் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கும்.

அடுத்து நோக்க வேண்டியது தொலைவு. இதற்குக் காசு வேண்டியதில்லை. அளவுகோல் ஒன்று போதும். வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையிலுள்ள தொலைவைப் பாதியாக்கினால், எதிரொலி மிகாத இடத்திலே ஒலி ஏறக்குறைய 6 தெசிபெல் கூடும். 40 சென்ரிமீற்றரிலிருந்து 20 சென்ரிமீற்றருக்கும், அங்கிருந்து 10 சென்ரிமீற்றருக்கும் நெருங்கி வந்தால் 12 தெசிபெல் கிடைக்கும். மின்னழுத்தம் நான்கு மடங்காகும். அதனினும் சிறந்த நன்மையொன்று உண்டு. நெருங்கும்போது குரல் மட்டுமே வளர்கிறது. மின்விசிறியின் இரைச்சலும் தெருவிலே செல்லும் வாகனத்தின் ஒலியும் வளர்வதில்லை. மேசையின் மறுகோடியிலே ஒலிவாங்கியை நிறுத்திவிட்டுப் பெருக்கத்தைக் கூட்டுவோருக்கு இந்த நன்மை கிட்டாது.

தொலைவோடு திசையையும் பார்த்தல் வேண்டும். சில ஒலிவாங்கிகளுக்கு நுனியே முகம். வேறு சிலவற்றுக்குப் பக்கமே முகம். பெரிய தகடுடைய கொள்ளளவி ஒலிவாங்கிகள் பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அவற்றின் உச்சியைப் பார்த்தோ முதுகைப் பார்த்தோ பாடினால், குரல் மெலிந்தும் மங்கியும் பதியும். தயாரித்தவரின் இலச்சினையோ சிறு குறியொன்றோ பொறித்த பக்கமே பெரும்பாலும் முகமாகும். கைக்கொள்ளும் குறிப்புத்தாளைப் பார்த்து உறுதி செய்துகொள்க.

இனி வடத்துக்கும் குதைக்கும் வருவோம். நான் அதிபராகப் பணியாற்றும் பாடசாலையிலே, தமிழ்த்தினப் போட்டிக்குப் பயிற்றுவிக்க வந்த வயது முதிர்ந்த அண்ணாவியார் ஒருவரின் பாட்டுகளைப் பதிந்து வைக்க மாணவர் முனைந்தனர். அவர் குரல் மண்டபத்தின் பின்வரிசையையும் எட்டும். பதிவிலோ அது முணுமுணுப்பாக இருந்தது. புதிய பெட்டி வாங்க எவ்வளவு பணம் திரட்டலாம் என்று மாணவர் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டனர். உயர்தர வகுப்பிலே பௌதிகவியல் கற்கும் மாணவியொருத்தி மட்டும் வடத்தின் நுனியைப் பிடித்துப் பார்த்து, "சேர், இது வேறு வாசலாலே போகிறது" என்றாள். அவள் சொன்னது முற்றும் உண்மை. ஒலிவாங்கியின் அடியிலே மூன்று ஊசிகள் இருந்தன. வடத்தின் மறுமுனையிலோ கித்தாருக்குரிய கால் அங்குலச் செருகி இருந்தது.

இது மிகப் பலருக்கு நேரும் இடர். ஆதலாற் சற்று விளக்குகிறேன். இக்காலப் பெட்டிகளிலே ஒரே குதைக்குள் இருவகைச் செருகிகளும் பொருந்தும். சுற்றியுள்ள மூன்று துளைகள் எக்ஸ்.எல்.ஆர். எனப்படும் மூன்றூசிச் செருகிக்குரியவை. நடுவிலுள்ள பெருந்துளை கால் அங்குலச் செருகிக்குரியது. வெளியே பார்க்கக் குதை ஒன்றுதான். உள்ளே வழிகள் இரண்டு. மூன்றூசி வழி ஒலிவாங்கியின் மிகச் சிறு மின்னழுத்தத்தை எதிர்பார்த்து மிகுதியாகப் பெருக்குகிறது. நடு வழியோ ஏற்கெனவே வலிமை பெற்ற கருவிகளின் மின்னழுத்தத்தை எதிர்பார்ப்பதனாற் சிறிதே பெருக்குகிறது. ஒலிவாங்கியை நடுவழியிலே செருகினால் குரல் முணுமுணுப்பாகாமல் வேறென்னாகும்? இரு முனையும் மூன்றூசியுடைய வடமொன்றை இரவல் பெற்று மாற்றியதும், அண்ணாவியாரின் குரல் அளவுகாட்டியின் உரிய கோட்டை எட்டிற்று. அன்று மாலைக்குள் அவர் நினைவிலிருந்த பாட்டுகளிற் பெரும்பகுதியைப் பதிந்துகொண்டோம். வடமொன்றின் விலை பெட்டியின் விலையிலே சிறுபங்கு என்பதைக் கூறவும் வேண்டுமோ?

வடத்தைப் பற்றி இன்னொரு செய்தி. நல்ல ஒலிவாங்கி வடத்தினுள்ளே குரல் இரு கம்பிகளிற் செல்கிறது. ஒன்றிலே நேராகவும் மற்றதிலே தலைகீழாகவும் செல்லும். வழியிற் சேரும் இரைச்சலை நீக்குவதற்காகச் செய்த ஏற்பாடு இது. இவ்வடத்தைப் பொருத்தமற்ற இணைப்பியால் ஸ்டீரியோச் செருகியாக மாற்றிவிட்டால், இடக்காதுக்கு நேரான அலையும் வலக்காதுக்குத் தலைகீழான அலையும் போய்ச் சேரும். ஹெட்போனிலே குரல் கேட்கும், ஆயின் வெறுமையாக, இடமறியாது ஒலிக்கும். ஒரே ஒலிபெருக்கியையுடைய கைத்தொலைபேசியிலே கேட்டாலோ, நேரும் தலைகீழும் ஒன்றையொன்று அழித்துக் குரல் மறைந்துவிடும். "என் கணினியிலே கேட்கிறது, அனுப்பினால் கேட்கவில்லை" என்பாருக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

அடுத்துப் பெட்டியின் முகத்திலுள்ள ஆளிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். 'பாட்' எனப் பொறித்த ஆளி இருந்தால், அது உள்ளே வரும் ஒலியை வேண்டுமென்றே 10 அல்லது 20 தெசிபெல் குறைப்பது. முழவு, தவில் முதலிய உரத்த வாத்தியங்களுக்கு உதவும் அது, பேச்சுப் பதிவிலே தவறுதலாக அழுந்திக் கிடந்தால் குரலை நசுக்கிவிடும். ஒலிவாங்கியின் உடலிலேயும் இத்தகைய ஆளி இருக்கக்கூடும். 'இன்ஸ்ட்' என்னும் ஆளி மின்கித்தாருக்குரியது. கித்தாரை நேரே பூட்டுவோர் அதனை இயக்கத்தில் வைத்தல் வேண்டும். வைக்காவிடின் கித்தாரின் ஒலி மெலிந்தும் மழுங்கியும் வரும்.

மூன்றாவது ஆளி '48 வீ' எனப் பொறித்தது. கொள்ளளவி ஒலிவாங்கி இயங்குவதற்கு மின் வேண்டும். அம்மின்னை ஒலிவாங்கி வடத்தின் வழியாகவே பெட்டி அனுப்புகிறது. இதனைப் 'பான்டம்' மின்வழங்கல் என்பர். இதன் வரலாறு வானொலியோடு தொடர்புடையது. 1966ஆம் ஆண்டிலே ஜேர்மனியின் நொய்மான் நிறுவனம் நோர்வே நாட்டு ஒலிபரப்பு நிலையத்துக்காக இம்முறையை அமைத்தது. குளிர்காலத்திலே பகலொளி அரிதான அந்நாட்டிலே, கலையகங்களின் அவசர விளக்குகளுக்கென 48 வோல்ற்று மின்வழங்கல் ஏற்கெனவே இருந்தமையால், அவ்வளவே ஒலிவாங்கிக்கும் கொள்ளப்பட்டது. அன்று அமைந்த அந்த எண் இன்று நம் மேசைமீதுள்ள சிறு பெட்டியிலும் நிலைத்திருக்கிறது. கொள்ளளவி ஒலிவாங்கியைப் பூட்டிவிட்டு இந்த ஆளியை மறந்தால், ஒலி வாராது. வந்தாலும் மிகமிக மெலிந்தே வரும். இயங்குசுருள் ஒலிவாங்கிக்கு இம்மின் வேண்டியதில்லை. மெல்லிய உலோக நாடாவை உடைய பழைய 'ரிபன்' ஒலிவாங்கியைப் பூட்டும்போது மட்டும் இந்த ஆளியை நிறுத்தி வைத்தல் காப்பு.

இம்மின்னுக்கெல்லாம் ஊற்று கணினியின் யூ.எஸ்.பி. குதை என்பதையும் மறவாதீர்கள். அது தருவது 5 வோல்ற்று. அதனையே பெட்டி 48 வோல்ற்றாக உயர்த்துகிறது. ஒரே குதையைப் பலவாகப் பிரிக்கும் இணைப்பியிலே பெட்டியையும் வேறு கருவிகளையும் ஒருங்கே பூட்டினால், மின் போதாமல் ஒலி தளரலாம், விட்டுவிட்டும் வரலாம். பெட்டியைக் கணினியிலே நேரே பூட்டிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

ஆளிகள் யாவும் சரியெனக் கண்டபின், 'கெயின்' எனப் பொறித்த குமிழைத் திருப்புக. இதுவே பதிவின் அளவைத் தீர்மானிப்பது. இதனருகே பெரியதாக அமைந்துள்ள மற்றொரு குமிழ் கேட்கும் ஒலியை மட்டுமே கூட்டும். பெரிய குமிழைத் திருப்பிவிட்டுப் பதிவு உயரவில்லையென வருந்துவோர் உளர். பெரிது என்பதனால் அது தலைமைக் குமிழ் என எண்ணுதல் இயல்பே. ஆயினும் பதிவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பெட்டியைக் கடந்து கணினிக்குள் நுழைந்தால் அங்கே சில வாயில்கள் உண்டு. விண்டோஸ் கணினியின் ஒலியமைப்பிலே, உள்வரும் ஒலிக்கெனத் தனியளவு உண்டு. அது நூற்றுக்கு நூறாக இல்லாதிருக்கலாம். கூட்டங்களுக்குப் பயன்படும் சூம் போன்ற செயலிகள் ஒலிவாங்கியின் அளவைத் தாமாகவே மாற்றியமைக்கும். ஒருவர் காலையிலே கூட்டத்திற் பேசிவிட்டு மாலையிலே பாட்டுப் பதிந்தால், அளவு மாறியிருப்பதை அவர் அறியார். சில வேளைகளிலே மென்பொருள், பெட்டியை விட்டுவிட்டு மடிக்கணினியின் உள்ளேயுள்ள சிறு ஒலிவாங்கியையே கேட்டுக்கொண்டிருக்கும். ஒலிவாங்கியின் வலைத்தலையை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். அளவுகாட்டி எழவில்லையானால் நீங்கள் பேசுவது ஒன்றுக்கு, பதிவது மற்றொன்று.

இன்னுமொரு வாயில் உண்டு. இரு குதைகளையுடைய பெட்டியிலே முதலாவது இடப்பக்கமாகவும் இரண்டாவது வலப்பக்கமாகவும் கொள்ளப்படும். ஒரே ஒலிவாங்கியை முதற்குதையிற் பூட்டி, ஸ்டீரியோவாகப் பதிந்தால், குரல் இடக்காதிலே மட்டும் கேட்கும், வலக்காது வெறுமையாகும். பின்னர் இரண்டையும் கலந்து ஒன்றாக்கினால் 6 தெசிபெல் குறையவும் கூடும். மென்பொருளிலே 'மோனோ' தடமொன்றைத் தெரிந்து, முதற்குதையை மட்டும் அதற்குக் காட்டினால் இக்குறை அகலும்.

நேயர்களே, இனிக் கேட்டலின் வழியைச் சுருக்கமாகப் பார்ப்போம். அறிந்த பாட்டும் மெலிந்தே கேட்டது என்பவர்களுக்கு இப்பகுதி உரியது. பல பெட்டிகளிலே, நேரே வரும் குரலையும் கணினியிலிருந்து வரும் ஒலியையும் கலக்கும் குமிழொன்று உண்டு. அது முழுவதும் ஒருபக்கமாகத் திரும்பியிருந்தால் மறுபக்கத்து ஒலி அற்றுப்போகும். முதலில் அதனைப் பாருங்கள். அடுத்து ஹெட்போன் செருகி முழுவதும் உள்ளே சென்றிருக்கிறதா என்று பாருங்கள்; பாதிவழியில் நின்றால் ஒரு காது மட்டும் கேட்கும், அல்லது பாடுபவரின் குரல் மறைந்து பக்கவாத்தியம் மட்டும் கேட்கும்.

ஹெட்போனின் மின்தடங்கலும் ஒரு காரணம். பேயர்டைனமிக் நிறுவனத்தின் டி.டி. 770 புரோ என்னும் ஒரே பெயருடைய ஹெட்போன் 32 ஓம், 80 ஓம், 250 ஓம் என வெவ்வேறு தடங்கலுடன் விற்பனைக்கு வந்தது. ஒரே மின்னழுத்தத்திலே, 250 ஓம் ஹெட்போன் பெறும் வலு 32 ஓம் ஹெட்போன் பெறுவதில் எட்டிலொரு பங்கே. அஃதாவது 9 தெசிபெல் குறைவு. யூ.எஸ்.பி. மின்னிலேயே இயங்கும் சிறு பெட்டிக்கு 32 ஓம் அல்லது 80 ஓம் வகையே ஏற்றது. விலை ஒன்றாயினும் எண் வேறாகலாம். வாங்குமுன் எண்ணை வாசித்தல் வேண்டும்.

ஒலிபெருக்கி பயன்படுத்துவோர் அதன் முதுகைப் பார்க்க வேண்டும். அங்கே ஓர் ஒலிக்குமிழும், தொழின்முறை அளவுக்கும் வீட்டுக் கருவி அளவுக்கும் மாற்றும் ஆளியும் இருக்கலாம். முன்னையது 1.23 வோல்ற்று, பின்னையது ஏறக்குறைய 0.32 வோல்ற்று. ஆளி பொருந்தாவிடின் ஏறத்தாழ 12 தெசிபெல் இழப்பு நேரும். இறுதியாக, தொலைபேசி உரையாடல் நிகழ்கிறதெனக் கருதினால் மற்றைய ஒலிகளையெல்லாம் நூற்றுக்கு எண்பது குறைக்கும் வழக்கமான அமைப்பொன்று விண்டோஸிலே உண்டு. கூட்டச் செயலி திறந்திருக்கும்போது மட்டும் பாட்டு மெலிகிறதென்றால், அவ்வமைப்பை நீக்கிவிடுக.

இவ்வளவும் பார்த்த பின்னரும், "அளவுகாட்டியிலே என் குரல் உச்சியைத் தொடவில்லையே" என்று கவலைப்படுவோர் உண்டு. இவர்களுக்கு ஒரு நற்செய்தி: அது குறையன்று. எண்முறைப் பதிவிலே உச்சி என்பது சுழியம். அதற்குமேல் இடமில்லை, அதனைத் தாண்டிய ஒலி தலை வெட்டுண்டு கரகரக்கும். ஆகவே பேச்சின் சராசரி உச்சிக்கு 18 தெசிபெல் கீழும், உரத்த சொற்கள் 10 அல்லது 6 தெசிபெல் கீழும் நிற்பதே நல்ல பதிவு. முந்நாளைய நாடாவிலே மெலிந்த பதிவு நாடாவின் இரைச்சலுள் அமிழ்ந்துபோகும். அதனால் உரக்கப் பதிதல் அன்றைய நியாயம். இன்றைய 24 துணுக்குப் பதிவோ கணக்களவிலே 144 தெசிபெல் வீச்சுடையது. மேலே சிறிது இடம் விடுவதனால் இழப்பதொன்றுமில்லை.

அப்படியாயின் வெளியீடாக வரும் பாட்டுகள் மட்டும் எவ்வாறு அத்துணை உரத்து ஒலிக்கின்றன? பதிந்தபின் அவற்றின் மேடுபள்ளங்களை அடக்கி, முழுவதையும் உயர்த்தும் வேலையைத் தனியொருவர் செய்கிறார். உங்கள் பதிவு நெல். அவர்களுடையது குத்திப் புடைத்த அரிசி. இரண்டையும் ஒருங்கு வைத்து நிறை பார்த்தல் முறையன்று. ஒலிபரப்பு நிறுவனங்களும் இத்தகைய ஏற்றத்தாழ்வைச் சீராக்க அளவுகள் வகுத்துள்ளன. ஐரோப்பிய ஒலிபரப்பாளர் ஒன்றியம் 2010இலே நிகழ்ச்சிகளின் உரப்பளவுக்கெனப் பொது விதியொன்றை வெளியிட்டது. உங்கள் மென்பொருளிலும் பதிவை முடித்தபின் அளவை உயர்த்தும் வசதி உண்டு. அதனைப் பயன்படுத்துவதிற் குற்றமில்லை.

ஆயின் ஓர் எச்சரிக்கை. பின்னர் உயர்த்தும்போது குரலோடு இரைச்சலும் அதே அளவு உயரும். ஆகையால் முதல் மருந்து நெருங்கிப் பேசுதல். இரண்டாம் மருந்து சரியான வழியும் சரியான ஆளியும். இவையும் போதாத மெலிந்த ஒலிவாங்கிக்கு, வடத்தின் நடுவே பூட்டும் சிறு முன்பெருக்கிகள் உண்டு. கிளவுட்லிஃப்டர் சி.எல்.-1 என்பது 25 தெசிபெல் வரையிலும், ஃபெட்ஹெட் என்பது ஏறக்குறைய 27 தெசிபெல்லும் கூட்டித் தரும். இவை 48 வோல்ற்று மின்னைத் தாமே உண்டு இயங்குவன. ஆதலின் இயங்குசுருள் ஒலிவாங்கியாயினும் இங்கே அந்த ஆளியை இயக்கத்தான் வேண்டும். 2023இலே ஷுவர் நிறுவனம் இத்தகைய பெருக்கியை உள்ளேயே வைத்து எஸ்.எம்.7டிபி என்னும் ஒலிவாங்கியை வெளியிட்டது. புதுப் பெட்டி வாங்குவதைவிடச் சிறு முன்பெருக்கி மலிவாக முடியலாம். ஆயினும் வடத்தையும் தொலைவையும் பாராது இதனை வாங்குதல், உடைந்த வாய்க்காலுக்கு இரண்டாம் பம்பி பூட்டுவதை ஒக்கும்.

ஆகவே, நேயர்களே, குறை தேடும் ஒழுங்கைத் தொகுத்துச் சொல்கிறேன். அறிந்த பாட்டொன்றை இயக்கி, குறை பதிவிலா கேட்டலிலா எனப் பிரியுங்கள். பதிவிலாயின், ஒலிவாங்கியின் வகை, வாயின் தொலைவு, முகத்தின் திசை, வடமும் குதையும், ஆளிகள், கெயின் குமிழ், கணினியின் அமைப்பு என்னும் வரிசையிலே செல்லுங்கள். கேட்டலிலாயின், கலவைக் குமிழ், செருகி, தடங்கல், ஒலிபெருக்கியின் முதுகு என்னும் வரிசையிலே செல்லுங்கள். ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுங்கள். ஐந்தை ஒருங்கே மாற்றிக் குறை தீர்ந்தால், எது தீர்த்தது என்பதை அறியாதவராவீர்கள்; மறுநாள் அதே குறை வந்தால் மீண்டும் இருளில் நிற்பீர்கள்.

இன்னொன்றையும் நினைவிற் கொள்ளுங்கள். முதியவர் ஒருவர் உங்கள் முன் பாட அமர்ந்திருக்கிறார், அளவு சற்றுக் குறைவாகவே வருகிறது, காரணம் விளங்கவில்லை. அவ்வேளையிலே பதிவை நிறுத்தி அவரைக் களைப்படையச் செய்யாதீர்கள். எல்லாக் குமிழ்களையும் உச்சிக்குத் திருப்பவும் வேண்டாம். மெலிந்த பதிவைப் பின்னர் உயர்த்தலாம். இரைச்சலைக் கூட ஓரளவு அடக்கலாம். தலை வெட்டுண்டு கரகரத்த குரலை இயல்புநிலைக்கு மீட்பது அரிது. பதியாது விட்ட குரலையோ எக்கருவியாலும் மீட்க முடியாது. ஆதலாற் சோதனைகளையெல்லாம் முதல்நாளே உங்கள் சொந்தக் குரலைக் கொண்டு செய்து முடியுங்கள். பாட வந்தவர் அமர்ந்ததும், நீங்கள் செய்ய வேண்டியது ஒலிவாங்கியை அவர் அருகே நகர்த்துவதும், அமைதியாகக் கேட்பதுமே.